சுதி ஏறும்போது சுருதி என்னாகிறது? கிட்டாரும் மதுக்கோப்பையும்

இசைக்கு ஆதாரமாக நிற்கும் ஒலியைச் சுருதி என்கிறோம். அதே சொல் பேச்சுவழக்கில் "சுதி" என்று தேய்ந்து, "அவருக்குச் சுதி ஏறிவிட்டது" என்று போதையையும் குறிக்கிறது. இந்த இரட்டைப் பொருள் இசைக்குக் கிடைத்ததில் வியப்பில்லை. பாட்டும் குடியும் ஒரே கூடத்தில் நெடுங்காலம் சேர்ந்து புழங்கியதன் தடம் அது. கிட்டாரைப் பொறுத்தவரை இந்த நெருக்கம் இன்னும் கூடுதல். புல்லாங்குழல்காரர் வாசித்துக்கொண்டே குடிக்க முடியாது. பாடகர் குரலுக்கு அஞ்சுவார். கிட்டார்காரருக்கோ இரண்டு கைகளுக்கும் வேலை இருக்கிறது, வாய்க்கு வேலை இல்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு மடக்கு குடிக்க நேரம் கிடைத்துவிடுகிறது.

நண்பர்கள் கூடிய மாலையில் ஒரு குவளை பியரோடு கிட்டார் வாசிப்பது இன்பமானது என்பதில் சர்ச்சை எதுவும் இல்லை. விளக்க வேண்டியது வேறொன்று. குடித்த பிறகு "இன்று கை நன்றாக ஓடுகிறது" என்று தோன்றுகிறதே, அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது? கை உண்மையிலேயே நன்றாக ஓடுகிறதா, அல்லது கையைக் கண்காணித்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் கண்ணயர்ந்துவிட்டாரா? இதுவரை கிடைத்துள்ள ஆய்வுகளையும் இசைக்கலைஞர்களின் அனுபவங்களையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டாவதே உண்மைக்கு அருகில் இருப்பதாக நான் கருதுகிறேன். அப்படியானால் குடித்துவிட்டு வாசிக்கலாமா என்ற கேள்விக்கு ஒரே விடை இருக்க முடியாது. மேற்பார்வையாளர் தேவைப்படாத வேளைகளும் இசையில் உண்டு, அவர் இல்லாமல் எதுவும் நடக்காத வேளைகளும் உண்டு.

கோப்பையிலிருந்து விரல்நுனி வரை

ஐந்து சதவீத ஆல்கஹால் உள்ள 355 மில்லி பியர், 12 சதவீதம் உள்ள 150 மில்லி ஒயின், 40 சதவீதம் உள்ள 45 மில்லி விஸ்கி ஆகிய மூன்றிலும் இருக்கும் தூய ஆல்கஹால் ஏறத்தாழ ஒரே அளவு, அதாவது சுமார் 14 கிராம். "பியர்தானே" என்று தோளைக் குலுக்குவதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை. குடித்ததில் ஒரு பகுதி வயிற்றிலும் பெரும்பகுதி சிறுகுடலிலும் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலக்கிறது. வெறும் வயிறாக இருந்தால் அரை மணி நேரத்திலேயே உச்சத்தைத் தொடலாம். உணவு உண்டிருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மேடையேறும் முன் வயிறு கனக்கக் கூடாது என்று சாப்பிடாமல் இருக்கும் பழக்கம் பல கலைஞர்களுக்கு உண்டு. அந்த வெறும் வயிற்றில் இறங்கும் முதல் கோப்பை, அவர்கள் எண்ணியதைவிட விரைவாக மூளைக்குப் போய்விடுகிறது.

ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்கு மேற்சொன்ன ஒரு கோப்பை, இரத்தத்தில் ஆல்கஹாலின் அளவைச் சுமார் 0.03 சதவீதம் உயர்த்தும். கல்லீரல் அதை ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 0.015 சதவீதம் என்ற வேகத்தில்தான் இறக்கும். கருப்புக் காப்பியோ குளிர்ந்த நீரில் முகம் கழுவுவதோ இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. மூன்று மணி நேர நிகழ்ச்சியில் முக்கால் மணிக்கு ஒன்றாக நான்கு கோப்பைகள் அருந்தியவர், நிகழ்ச்சி முடியும்போது 0.075 சதவீதத்துக்கு அருகில் இருப்பார். பல நாடுகளில் வண்டி ஓட்டுவதற்கான சட்ட வரம்பு 0.05 அல்லது 0.08 சதவீதம். பெண்களுக்கும் உடல் எடை குறைந்தவர்களுக்கும் இதே நான்கு கோப்பைகள் இன்னும் உயர்ந்த அளவைத் தரும். மேடையில் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக, நிதானமாக அருந்தப்படுவதால் இந்தக் கூட்டுத்தொகை யாருக்கும் தெரிவதில்லை. கிட்டாரையும் ஆம்ப்ளிஃபையரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் வீடு திரும்ப வேண்டியவர், அந்தக் கூட்டுத்தொகையோடுதான் ஓட்டுநர் இருக்கையில் அமர்கிறார்.

மூளையில் நடப்பது இரட்டை வேலை. நரம்பணுக்களை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் செயலை ஆல்கஹால் மிகுதியாக்குகிறது. அவற்றைத் தூண்டும் குளுட்டமேட்டின் செயலைக் குறைக்கிறது. இதனால் தளர்ச்சி காணும் பகுதிகளுள் சிறுமூளை முக்கியமானது. அசைவுகளின் வேகத்தையும் அளவையும் நேரத்தையும் ஒத்திசைய வைப்பது அதன் பொறுப்பு. குடித்தவரை நேர்கோட்டில் நடக்கச் சொல்லும் காவலர் உண்மையில் சோதிப்பது அவருடைய சிறுமூளையை. கிட்டார் வாசிப்பும் அதே உறுப்பிடம் வைக்கும் சோதனைதான், அதைவிடக் கடினமானதும்கூட. இடக்கை விரல் ஃப்ரெட்டுக்கு, அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைக்கு, சற்றுப் பின்னால் தந்தியை அழுத்தும் கணமும், வலக்கையில் உள்ள பிக் என்ற சிறு தகடு அதே தந்தியைத் தட்டும் கணமும் ஒன்றாக அமைய வேண்டும். நிமிடத்துக்கு 120 அடிகள் என்ற நடுத்தர வேகத்தில் ஓர் அடியை நான்காகப் பிரித்து வாசித்தால், ஒவ்வொரு சுரத்துக்கும் கிடைப்பது ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள் இரு கைகளும் சந்திக்கத் தவறினால் சுரம் மங்கும், அல்லது தந்தி அதிரும். கார்டு எனப்படும் எளிய சுரக் கூட்டுகளை வருடிக்கொண்டு பாடும்போது இந்தத் தவறு வெளியே தெரியாது. வேகமான தனி வாசிப்பில் அது முதலில் தெரியவரும் இடம் சக கலைஞரின் முகம்.

முதல் கோப்பை ஏன் இனிக்கிறது

இவ்வளவு தீங்கு செய்வதைக் கலைஞர்கள் ஏன் நாடுகிறார்கள் என்றால், அது செய்யும் நன்மையும் பொய்யல்ல என்பதே விடை. மேடை அச்சம் வெறும் மனநிலை அல்ல. அட்ரினலின் சுரந்து இதயம் விரைகிறது, இரத்தம் தோலிலிருந்து விலகி விரல்நுனிகள் குளிர்கின்றன, உள்ளங்கை வியர்க்கிறது, கை நடுங்குகிறது. தந்தியின் மேல் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஒலி கெடும் கருவியை இந்தக் கையோடு வாசிப்பது தண்டனை போன்றது. ஒரு கோப்பை மது அந்த அச்சத்தின் கூர்மையை மழுக்குகிறது, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து விரல்களுக்குச் சூடு தருகிறது. பரம்பரையாகவே கை நடுங்கும் இயல்புடையவர்களிடம் ஆல்கஹால் நடுக்கத்தைச் சிறிது நேரம் தணிப்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த செய்தி. ஆனால் போதை தெளியும்போது அதே நடுக்கம் முன்னைவிட மிகுதியாகத் திரும்புவதும் உண்டு. அதைத் தணிக்க அடுத்த கோப்பை தேவைப்படுகிறது. பழக்கம் நோயாக மாறும் வாசல்களில் இது ஒன்று.

மேடை அச்சம் மதுக்கூட மேடைகளுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் பெரிய சிம்பொனி, ஓபரா இசைக்குழுக்களைச் சேர்ந்த கலைஞர்களிடம் 1987இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், 27 சதவீதத்தினர் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1977இல், தந்திக் கருவிக் கலைஞர்களிடம் அவ்வகை மருந்து ஒன்றின் விளைவைச் சோதித்த ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வெளியாகியிருந்தது. இதய நோய்க்கான அந்த மாத்திரை நடுக்கத்தையும் படபடப்பையும் அடக்குகிறது, போதை தருவதில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தானது. மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாதது. கறுப்பு உடையணிந்து அமர்ந்திருக்கும் வயலின் கலைஞரும் மதுக்கூடத்தின் மூலையில் நிற்கும் கிட்டார் கலைஞரும் தேடுவது ஒரே நிவாரணத்தைத்தான். ஒருவர் மருந்துக் கடைக்குப் போகிறார், மற்றவருக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

முதல் கோப்பை இனிப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டிருக்கும்போது அது ஊக்கத்தையும், இறங்கும்போது சோர்வையும் தருகிறது. ஏறும்போது ஓர் அளவில் இருப்பவரும் இறங்கும்போது அதே அளவில் இருப்பவரும் ஒன்றுபோல் இல்லை என்பதை பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் எட்வர்ட் மெல்லன்பி 1919இலேயே காட்டினார். இறங்கும் வேளையில் போதை தெளிந்துவிட்டதாகத் தோன்றும், ஆனால் தவறுகள் எல்லாம் தெளிந்துவிடுவதில்லை. நிகழ்ச்சியின் முதல் பகுதியில் கிடைத்த உற்சாகத்தைக் கடைசிப் பகுதியிலும் பிடித்து வைக்க முயல்பவர் ஏறும் பாதையிலேயே நிற்க விரும்புகிறார். அதற்கு மேலும் மேலும் குடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

காதும் தீர்ப்பும்

கிட்டார் கலைஞர் தன்னைத் திருத்திக்கொள்வது காதால். தந்தி சற்று இறங்கியிருக்கிறது, ஆம்ப்ளிஃபையரின் ஒலி பாடகரை மூழ்கடிக்கிறது, தாளம் முந்துகிறது என்பதெல்லாம் காது சொல்லிக் கை கேட்கும் செய்திகள். ஆல்கஹால் இந்தத் தகவல்தொடர்பைத் தொடக்கத்திலேயே மங்கச் செய்கிறது. பிரிட்டனில் 30 பேரிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஓர் ஆய்வில், மது அருந்திய பிறகு மெல்லிய ஒலிகளைக் கேட்கும் திறன் தற்காலிகமாகக் குறைந்ததும், உயர்ந்த அதிர்வெண்களைவிடத் தாழ்ந்த அதிர்வெண்களில் அந்தக் குறைவு மிகுதியாக இருந்ததும் பதிவாயின. கிட்டாரின் தடித்த ஆறாம் தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. 24 ஃப்ரெட்டுகள் உள்ள கிட்டாரின் கடைசிச் சுரம் சுமார் 1,319 ஹெர்ட்ஸ். கருவியின் அடிப்படைச் சுரங்கள் அனைத்தும் பாதிப்பு மிகுந்த அந்தத் தாழ்ந்த பக்கத்தில்தான் இருக்கின்றன.

விளைவை எந்த மேடையிலும் காணலாம். கலைஞருக்குத் தன் ஒலி போதவில்லை என்று தோன்றுகிறது, குமிழைச் சற்றுத் திருகுகிறார். அடுத்தவருக்குத் தன் ஒலி அமுங்குவதாகத் தோன்றுகிறது, அவரும் திருகுகிறார். உரத்த ஒலி வரும்போது நடுச்செவியின் சிறு தசை சுருங்கி உட்செவியை ஓரளவு காக்கும் இயற்கை ஏற்பாடும் ஆல்கஹாலால் மந்தமடைகிறது. ஒலி கூடும் நேரத்தில் காவலும் தளர்கிறது. செவித்திறனை நம்பிப் பிழைக்கும் தொழிலில் இது சிறிய விஷயமல்ல.

காதைவிட ஆழமாக மாறுவது தீர்ப்பு. பிரான்ஸில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்பாளர்கள் ஒரு சிறு உரை ஆற்றித் தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் இட்டனர். மது அருந்தியதாக நம்பியவர்கள் தங்களை அதிகக் கவர்ச்சியும் நகைச்சுவையும் உள்ளவர்களாக மதிப்பிட்டனர். அவர்களுள் சிலருக்குத் தரப்பட்டது மதுவே இல்லை என்பதுதான் ஆய்வின் சுவை. உரைகளைத் தனியே பார்த்த நடுவர்களுக்கு எந்த உயர்வும் தெரியவில்லை. கிட்டாரை அந்த ஆய்வு தொடவில்லை. ஆனால் இரவில் பதிவு செய்ததை மறுநாள் காலையில் கேட்டுப் பார்த்த எவருக்கும் அதன் முடிவு புதிதாக இருக்காது. நேற்று மேதைமை என்று தோன்றிய இடத்தில் இன்று தாளம் தள்ளாடுவது கேட்கும். அதே பதிவில், நிதானத்தில் ஒருபோதும் துணிந்திராத ஒரு திருப்பமும் எங்காவது கிடக்கலாம் என்பதையும் மறைக்கக் கூடாது.

அந்தத் திருப்பத்தைப் பற்றியும் ஆய்வு உண்டு. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தில் 40 இளைஞர்களிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான சோதனையில், ஆல்கஹால் அளவு 0.075 சதவீதத்தை நெருங்கியவர்கள் சொற்புதிர்களை நிதானமாக இருந்தவர்களைவிடக் கூடுதலாகவும் விரைவாகவும் விடுவித்தனர். தொடர்பில்லாத மூன்று சொற்களைக் கொடுத்து, மூன்றோடும் சேரும் நான்காவது சொல்லைக் கேட்பது அந்தப் புதிர். தமிழில் "பூ, பா, அந்தி" என்று கேட்டால் "மாலை" என்று சொல்ல வேண்டும் என்பதைப் போன்றது. கவனத்தின் பிடி தளரும்போது தொலைவில் இருக்கும் சொற்களும் எட்டிப் பார்க்கின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பாட்டெழுதுபவருக்கும் மெட்டு தேடுபவருக்கும் இது ஆறுதலான செய்திதான். ஆனால் அந்தப் புதிருக்குச் சரியான விடை ஒன்று முன்கூட்டியே உண்டு; விடை வந்ததும் அது சரி என்று தெரிந்துவிடும். மெட்டுக்கு அப்படி விடைத்தாள் கிடையாது. வந்த பத்து மெட்டுகளில் எது நிற்கும், எது குப்பை என்று பிரிப்பதற்குத் தேவையான மேற்பார்வையாளரைத்தான் அந்தக் கோப்பை உறங்க வைத்திருக்கிறது. இரவில் தேடி, காலையில் தெரிந்தெடுப்பவர்களுக்கு இந்த இடைஞ்சல் இல்லை.

மதுக்கூடம் என்ற தொழிற்கூடம்

கிட்டார் கலைஞர்கள் மிகுதியாகக் குடிப்பதற்கு அவர்களுடைய குணத்தைக் காரணம் சொல்வது எளிது. அவர்களுடைய பணியிடத்தைப் பார்த்தால் வேறு காரணம் தெரிகிறது. பேக்கரித் தொழிலாளி ரொட்டியின் நடுவே நிற்பதுபோல் இவர்கள் மதுவின் நடுவே நிற்கிறார்கள். சிறிய இசை அரங்குகள் பலவற்றின் வருமானம் நுழைவுச் சீட்டைவிட மது விற்பனையையே நம்பியிருக்கிறது. குழுவை மறுபடி அழைப்பதா என்பதைக்கூடப் பல உரிமையாளர்கள் அன்றைய விற்பனையைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். மேற்குப் பிரான்ஸின் மதுக்கூடங்களில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு ஒன்று இதன் பொருளாதாரத்தை எண்களில் காட்டியது. இசையின் ஒலி அளவை 72 டெசிபெலிலிருந்து 88 டெசிபெலுக்கு உயர்த்தியபோது, வாடிக்கையாளர் கேட்டு வாங்கிய பானங்களின் சராசரி 2.6இலிருந்து 3.4ஆக உயர்ந்தது, ஒரு குவளை பியரை முடிக்க எடுத்த நேரம் 14.5 நிமிடத்திலிருந்து 11.5 நிமிடமாகக் குறைந்தது. இசைக் குழு அங்கே விற்பனைக் கருவி. அந்தக் கருவிக்குப் போடும் எண்ணெயாகச் சம்பளத்தின் ஒரு பகுதியை இலவசக் கோப்பைகளாகத் தருவது உரிமையாளருக்கு மலிவான வழி. விலை கொடுக்காமல் வரும் கோப்பையை எண்ணுவாரும் இல்லை.

இந்த ஏற்பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்கத் தென்பகுதியில் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை வளர்ந்தது சனிக்கிழமை இரவுகளின் நடனக் குடிசைகளில். மதுவிலக்கு நடைமுறையில் இருந்த 1920 முதல் 1933 வரையிலான ஆண்டுகளிலும் அங்கே குடி நிற்கவில்லை, கள்ளச்சாராயமாக மாறியது. டாமி ஜான்சன் என்ற ப்ளூஸ் கலைஞர் அடுப்பெரிக்கப் பயன்படும் டப்பா எரிபொருளிலிருந்து ஆல்கஹாலைப் பிழிந்து குடிப்பதைப் பற்றி 1928இல் பாடிப் பதிவு செய்தார். அது மெத்தனால் கலந்த நஞ்சு. 1930இல் ஜமைக்கா இஞ்சிச் சாறு என்ற பெயரில் விற்கப்பட்ட மதுச்சாறில் கலப்படமாகச் சேர்ந்த ஒரு பாஸ்பேட் சேர்மம் பல்லாயிரம் பேரின் கால் நரம்புகளை முடக்கியது. சிலருக்குக் கைகளும் தளர்ந்தன. அந்த முடக்கத்தைப் பற்றியே அதே ஆண்டில் இசைத்தட்டுகள் வந்தன. குடியைக் கொண்டாடும் பாடல்களுக்கு நடுவே, குடியால் முடங்கியவர்களின் பாடல்களும் அதே கிட்டாரில் வாசிக்கப்பட்டன என்பதைப் பிற்காலத்து ரசிகர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

பாட்டிலோ இசைக்கு உள்ளேயே வந்துவிட்டது. தந்தியின் மேல் ஒரு கடினமான பொருளை வழுக்கி, கமகம்போலச் சுரத்தை இழுத்து வாசிக்கும் முறைக்கு முதலில் கத்தி, எலும்பு, இரும்புத் துண்டு எல்லாம் பயன்பட்டன. மிசிசிப்பி மாநிலத்தின் ஒரு ரயில் நிலையத்தில் கத்தியைத் தந்திமேல் தேய்த்து வாசித்தவர் ஒருவரைத் தாம் கேட்டதாக இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி பின்னாளில் எழுதினார். மது பாட்டிலின் கழுத்தை வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்கி விரலில் மாட்டிக்கொள்ளும் வழக்கம் பரவியபின் அந்தப் பாணிக்கே "பாட்டில்நெக்" என்ற பெயர் நிலைத்தது. வேடிக்கை என்னவென்றால், ராக் இசையில் இந்தப் பாணிக்குப் பெரும் புகழ் சேர்த்த டுவேன் ஆல்மன் விரலில் மாட்டியிருந்தது மது பாட்டில் அல்ல. சளிக்கான மாத்திரை வந்த சிறு கண்ணாடிப் புட்டி.

இவ்விடத்தில் கருவியின் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். உயர்தர கிளாசிக்கல் கிட்டார்களுக்குப் பூசப்படும் பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கிலிருந்து எடுக்கப்படும் ஷெல்லாக். அதைக் கரைத்துப் பூசுவதற்குப் பயன்படும் கரைப்பானே ஆல்கஹால்தான். அதன் மேல் சிந்திய விஸ்கி பூச்சை மறுபடி கரைத்து வெண்தழும்பு உண்டாக்கிவிடும். 1950களில் கிப்சன், ஃபெண்டர் நிறுவனங்கள் செய்த கிட்டார்களில் உள்ள நைட்ரோசெல்லுலோஸ் பூச்சும் மதுவைத் தாங்காது. இன்றைய பாலியூரித்தேன் பூச்சு ஓரளவு தாங்கும். பியரின் சர்க்கரை, கிட்டாரின் திருகு குமிழ்களுக்குள்ளும், ஒலியை மாற்றத் தரையில் வைக்கும் எஃபெக்ட் பெடல்களுக்குள்ளும் இறங்கிப் பிசுபிசுத்து, திருகும்போதெல்லாம் கரகரக்க வைக்கும். இவை பணத்தோடு போகும். வால்வு வகை ஆம்ப்ளிஃபையரின் மேல் கோப்பையை வைப்பது அப்படியல்ல. அதற்குள் 400 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம் ஓடுகிறது. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் அது சிறிது நேரம் தங்கும். பெட்டி அதிரும் ஒவ்வோர் அடிக்கும் கோப்பை விளிம்பை நோக்கி ஒரு நூலளவு நகர்கிறது. கைக்கு எட்டும் உயரத்தில் தட்டையாக இருப்பதால் எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்கள்.

பயிற்சியும் நினைவும்

வாசிப்பை விட்டுப் பயிற்சிக்கு வந்தால் கணக்கு கண்டிப்பாகிவிடுகிறது. ஒரு புதிய விரல் வரிசையைக் கற்றுக்கொள்ளும் வேலை, கிட்டாரைக் கீழே வைத்ததோடு முடிவதில்லை. ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஒரு சோதனையில், விசைப்பலகையில் விரல்களைக் குறிப்பிட்ட வரிசையில் தட்டப் பழகியவர்கள், ஓர் இரவு உறங்கி எழுந்ததும் கூடுதல் பயிற்சி இல்லாமலேயே சுமார் 20 சதவீதம் வேகம் கூடியிருந்தனர். அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. இரவின் பின்பகுதியில் வரும் உறக்கத்துக்கும் அந்த முன்னேற்றத்துக்கும் தொடர்பு காணப்பட்டது. ஆல்கஹால் விரைவாக உறங்க வைத்துவிட்டுச் சிதைப்பது அதே பின்பகுதியைத்தான். மாலையில் இரண்டு மணி நேரம் உழைத்துவிட்டுக் குடித்துப் படுப்பவர், பயிர் வைத்து நீர் பாய்ச்சாமல் விடுகிறார்.

மற்றொரு சிக்கல் நுட்பமானது. ஒரு நிலையில் கற்றதை அதே நிலையில் நினைவுகூர்வது எளிது. மருத்துவ மாணவர்களிடம் நடத்தப்பட்டு 1969இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, போதையில் கற்ற சிலவற்றை மறுநாள் போதையிலேயே அவர்களால் கூடுதலாக நினைவுகூர முடிந்ததைக் காட்டியது. பத்து, இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு மேடையையும் குடித்தே ஏறிய கலைஞருக்கு இதன் பொருள் அச்சமூட்டுவது. மேடை, வெளிச்சம், கூட்டம், கோப்பை எல்லாம் சேர்ந்து ஒரே நினைவாக இறுகியிருக்கும். கோப்பையை மட்டும் உருவினால் மீதியும் சரியும் என்று அவர் நம்புவதில் நியாயம் இருக்கிறது. குடியை நிறுத்திய கலைஞர்கள் பலர் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த அச்சத்தையே. தெளிந்த நிலையில் தமக்கு வாசிக்க வருமா என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை.

நிறுத்தாதவர்களுக்கு உடல் வேறு விதமாகப் பதில் சொன்னது. நீண்ட கால மிகுகுடி நரம்புகளின் நுனிகளை அரிக்கிறது; பெரும்பாலும் பாதத்தில் தொடங்கும் மரமரப்பு கைவிரல்களுக்கும் ஏறலாம். உள்ளங்கைத் தோலுக்கு அடியிலுள்ள இழைப்படலம் தடித்து மோதிர விரலையும் சிறுவிரலையும் மடக்கிவிடும் டுப்யூட்ரன் சுருக்கம் மிகுதியாகக் குடிப்பவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. போதையில் நாற்காலி முதுகின்மேல் கையைத் தொங்கவிட்டு உறங்கியதால் நரம்பு நசுங்கி, எழுந்தபோது மணிக்கட்டை நிமிர்த்த முடியாமல் போவதற்கு மருத்துவத்தில் "சனிக்கிழமை இரவு வாதம்" என்றே பெயர். அயர்லாந்தின் கிட்டார் கலைஞர் ரோரி கல்லகர் கல்லீரல் மாற்று அறுவைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் 1995இல் இறந்தபோது அவருக்கு வயது 47. எந்த அளவு குடியும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

நிறுத்தியவர்களின் கதை அவர்களுடைய அச்சத்தோடு பொருந்தவில்லை. மதுவும் கோக்கைனும் சேர்ந்து உருக்குலைத்திருந்த அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வாகன் 1986இல் ஐரோப்பியப் பயணத்தின் நடுவே சரிந்து விழுந்து, சிகிச்சை பெற்று இரண்டையும் விட்டார். தெளிந்த நிலையில் அவர் பதிவு செய்த முதல் தொகுப்பு 1989இல் வெளியாகி கிராமி விருது பெற்றது. விரல்களில் எந்தக் குறையும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு ஹெலிகாப்டர் விபத்தில் இறக்கும்வரை அவர் மதுவைத் தொடவில்லை. பாட்டில்நெக் பாணியில் பெயர் பெற்ற பானி ரெய்ட் 1987இல் குடியை விட்டார். 1989இல் வந்த அவருடைய தொகுப்பு ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமியைப் பெற்றது. பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனும் 1987 முதல் குடிக்கவில்லை. அவர் 1998இல் கரீபியத் தீவான ஆன்டிகுவாவில் குடிநோயாளிகளுக்கும் போதை அடிமைகளுக்கும் ஒரு சிகிச்சை மையத்தை நிறுவினார். அதற்கு நிதி திரட்ட 1999 ஜூனில் நியூயார்க்கில் தம்முடைய கிட்டார்களில் நூறை ஏலம் விட்டார். 1970களில் குடியும் போதையுமாகக் கழிந்த நாட்களில் வாசித்த கருவிகள் சிலவும் அவற்றுள் இருந்தன. "பிரவுனி" என்று அவர் அழைத்த 1956ஆம் ஆண்டு ஃபெண்டர் கிட்டார் மட்டும் 4,97,500 டாலருக்குப் போயிற்று.